நீடித்த மன அழுத்தமும் ஈறு நோயும்

பல் துலக்கித் துப்பும்போது எச்சிலில் இரத்தம் தெரிந்தால், உடல் சூடு என்றோ பிரஷ் முரடானது என்றோ கருதி விட்டுவிடுவது நம்மிடையே வழக்கமாக உள்ளது. நலமான ஈறு, முறையாகப் பல் துலக்குவதால் இரத்தம் கசியாது. கசிகிறது என்றால் அங்கே பெரும்பாலும் அழற்சி உள்ளது என்று பொருள். இந்த அழற்சிக்கு அடிப்படைக் காரணம் பற்களின் மேல் படியும் நுண்ணுயிர்ப் படலமாகும். ஆயினும், ஏறத்தாழ ஒரே அளவு படலம் உள்ள இருவரில் ஒருவருக்கு ஈறு சற்றுச் சிவந்து வீங்குவதோடு நின்றுவிடுகிறது. மற்றவருக்குத் தாடை எலும்பு கரைந்து பற்கள் ஆடத் தொடங்குகின்றன. இந்த வேறுபாட்டுக்குப் புகையிலைப் பழக்கமும் நீரிழிவும் நன்கு நிறுவப்பட்ட காரணங்கள்; பரம்பரைக்கும் பங்கு உண்டு. இவற்றோடு சேர்த்துக் கேட்டறிய வேண்டியதும், பெரும்பாலும் கேட்கப்படாமல் போவதுமான ஒன்று உள்ளது. அதுவே மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் மன அழுத்தம்.

இக்கட்டுரை ஈறு நோய் உள்ளவர்களுக்காகவும், நோயுற்ற ஒருவரை வீட்டில் வைத்துப் பராமரிப்பவர்களுக்காகவும் எழுதப்படுகிறது. பராமரிப்பாளர்களைத் தனியே குறிப்பிடக் காரணம் உண்டு. நான் பல் மருத்துவம் படித்தவன் அல்லன்; அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் பொது மருத்துவம் பார்ப்பவன். பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்த கணவரை மாதந்தோறும் அழைத்து வந்த ஒரு பெண்மணியை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சந்தித்து வந்தேன். கணவரின் இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, மாத்திரைகளின் பெயர் அனைத்தும் அவருக்கு மனப்பாடம். ஒரு நாள் அவர் சேலைத் தலைப்பால் வாயை மறைத்தபடியே பேசுவதைக் கவனித்துக் காரணம் கேட்டேன். கீழ் முன்பற்கள் இரண்டு ஆடுவதாகவும், ஓராண்டுக்கு மேலாகவே ஈறில் இரத்தம் வருவதாகவும் கூறினார். ஏன் காட்டவில்லை என்று கேட்டதற்கு, "முதலில் இவர் எழுந்து நடக்கட்டும் டாக்டர், என் பல்லுக்கு என்ன அவசரம்?" என்றார். அந்த இரண்டு ஆண்டுகளில் அவரது உடல்நலத்தைப் பற்றி நானும் ஒரு முறைகூட விசாரித்திருக்கவில்லை.

ஈறு நோய் எவ்வாறு முற்றுகிறது?

பல்லும் ஈறும் சந்திக்கும் விளிம்பில் மெல்லிய இடுக்கு ஒன்று உள்ளது. நலமான வாயில் இதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும். பல் துலக்கிய சில மணி நேரத்திலேயே இவ்விளிம்பில் நுண்ணுயிர்கள் மீண்டும் படியத் தொடங்குகின்றன. வழவழப்பான இப்படலத்தை அகற்றாமல் விட்டால், எச்சிலில் உள்ள தாது உப்புகள் சேர்ந்து சில நாட்களில் அது கெட்டியான காரையாக மாறுகிறது. காரையாக மாறிய பின் பிரஷ் கொண்டு அதனை நீக்க இயலாது.

பல் துலக்குவதை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை டென்மார்க்கில் ஹரால்ட் லோவும் அவரது குழுவினரும் சோதித்து 1965-இல் வெளியிட்டனர். நலமான ஈறு கொண்ட 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது மறைந்தது. இதில் அச்சமூட்டும் செய்தியும் ஆறுதலான செய்தியும் சேர்ந்தே உள்ளன. இரண்டு மூன்று வாரங்கள் பற்களைக் கவனியாமல் விட்டாலே ஈறு அழற்சி வந்துவிடும்; இந்த நிலையில் அது முழுமையாகக் குணமாகவும் செய்யும்.

அழற்சி நீடித்தால் சிலருக்கு நோய் அடுத்த நிலைக்குச் செல்கிறது. இடுக்கு ஆழமாகி, 4 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் ஆழமுள்ள பையாக மாறுகிறது. பல்லைத் தாடையோடு பிணைக்கும் நார்கள் அறுபடுகின்றன. பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. இதனைப் பற்சூழ் திசு நோய் என்பர். இங்கே கவனிக்க வேண்டியது, எலும்பைக் கரைப்பவை பெரும்பாலும் நுண்ணுயிர்கள் அல்ல என்பதாகும். அவற்றை எதிர்க்க நமது உடல் அனுப்பும் அழற்சிப் பொருட்களே, எலும்பை அரிக்கும் உயிரணுக்களைத் தூண்டிவிடுகின்றன. உடலின் எதிர்வினை அளவோடு நின்றால் எலும்பு காக்கப்படும். அளவு தவறினால் எலும்பு கரையும். இவ்வாறு கரைந்த எலும்பு தானாக மீண்டும் வளர்வதில்லை. மன அழுத்தம் குறுக்கிடும் இடமும் இந்த எதிர்வினையே.

மன அழுத்தம் ஈறை எவ்வாறு பாதிக்கிறது?

பேச்சு வழக்கில் மன அழுத்தம் என்ற சொல்லை மனச்சோர்வு நோய்க்கும் சேர்த்தே பயன்படுத்துகிறோம். இக்கட்டுரையில் மன அழுத்தம் என்பது தீராத கடன், வேலை இழப்பு, குடும்பப் பிணக்கு, நெடுநாள் பராமரிப்புப் பொறுப்பு போன்றவை உடலையும் மனத்தையும் ஓய்வின்றி விழிப்பு நிலையில் வைத்திருப்பதைக் குறிக்கும். மனச்சோர்வு தனியான நோய். அதற்குத் தனியே சிகிச்சை உண்டு. நீடித்த மன அழுத்தம் மனச்சோர்வில் கொண்டுபோய் விடலாம்.

அச்சமோ நெருக்கடியோ நேரும்போது, சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் கார்டிசால் என்னும் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கின்றன. குறுகிய நேரத்துக்கு இது நன்மையே. கார்டிசால் அழற்சியைக் கட்டுக்குள் வைக்கும் பொருளாகும். நெருக்கடி முடிந்தால் அதன் அளவு குறைந்துவிடும். நெருக்கடி முடியாமலே தொடர்ந்தால், நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் நாளடைவில் கார்டிசாலின் கட்டளைக்குச் செவிசாய்ப்பதைக் குறைத்துக்கொள்கின்றன. விளைவாக, நுண்ணுயிர்களை அழிக்கும் திறன் மங்குகிறது. அதே வேளையில் அழற்சியை அடக்கும் திறனும் தளர்கிறது. ஈறில் இவ்விரண்டும் ஒருசேர நிகழ்வது தீங்காகிறது.

இதனை வாயிலேயே அளந்து காட்டிய ஆய்வு ஒன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்தது, 1998-இல் வெளியானது. பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் மேலண்ணத்தில் 3.5 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு காயம் இரு முறை ஏற்படுத்தப்பட்டது. முதல் முறை கோடை விடுமுறையில். இரண்டாம் முறை முக்கியத் தேர்வுக்கு மூன்று நாட்களுக்கு முன். அதே மாணவர்கள், அதே அளவுக் காயம். ஆயினும் தேர்வுக் காலத்துக் காயம் ஆறுவதற்குச் சராசரியாக மூன்று நாட்கள், அதாவது 40 சதவீதம், கூடுதலாகத் தேவைப்பட்டது. ஒருவருக்குக்கூட அது விடுமுறைக் காலத்தைவிட விரைவில் ஆறவில்லை.

இதற்கு மூன்று ஆண்டுகள் முன்னர் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பராமரிப்பாளர்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தனர். மறதி நோய் உள்ள உறவினரைப் பராமரித்து வந்த 13 பெண்களுக்கும், அத்தகைய பொறுப்பு இல்லாத, ஏறத்தாழ ஒத்த வயதுடைய 13 பெண்களுக்கும் கையில் சிறு காயம் ஏற்படுத்தி ஆறும் காலம் கணக்கிடப்பட்டது. பராமரிப்பாளர்களுக்கு ஒன்பது நாட்கள் கூடுதலாகப் பிடித்தது. காயம் ஆறுவதும் ஈறு நோயும் ஒன்றல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆனால் பிறருக்காக உழைத்துக் களைத்த உடல் தன்னைச் சீர்செய்துகொள்வதில் பின்தங்குகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்றை நான் அறியேன்.

இவை உடலுக்குள் நிகழ்பவை. வெளியே கண்ணுக்குத் தெரியும் மற்றொரு வழியும் உண்டு. நடைமுறையில் அதுவே பெரிதாக இருக்கலாம் என்பது என் கருத்து. கவலையில் இருப்பவர் இரவில் பல் துலக்காமல் படுத்துவிடுகிறார். உறக்கம் குறைகிறது. வேளைக்கு உண்ணாமல் தேநீரும் பிஸ்கட்டும் கொண்டு பொழுதை ஓட்டுகிறார். விட்ட பீடியும் சிகரெட்டும் மீண்டும் கைக்கு வருகின்றன. சிலர் பாக்கும் புகையிலையும் அடக்கிக்கொள்கின்றனர். பல் மருத்துவரிடம் செல்வது அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போகிறது. உறக்கத்தில் பற்களை நறநறவெனக் கடிப்பவர்களும் உண்டு. பற்கடிப்பு தனியாக ஈறு நோயை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே எலும்பு குறைந்த பல்லை அது மேலும் ஆட்டம் காணச் செய்யும்.

புகைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. புகைப்பழக்கம் ஈறின் இரத்தக் கசிவைக் குறைத்துக் காட்டும். நோய் உள்ளே முற்றிக்கொண்டிருக்க, வெளியே ஈறு வெளிறி உறுதியாகத் தெரியும். இரத்தம் வரவில்லை என்பதைக் கொண்டு உங்கள் ஈறு நலமாக உள்ளது என்று முடிவு செய்ய வேண்டாம்.

கவலையைச் சமாளிக்கும் விதமும் வேறுபாட்டை உண்டாக்குகிறது

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஈரி மாவட்டத்தில், 25 முதல் 74 வயது வரையிலான 1,426 பேரைப் பரிசோதித்த ஆய்வு 1999-இல் வெளியானது. பணக் கவலையால் மிகுந்த மன அழுத்தத்தில் இருந்தவர்களிடம் ஈறு இழப்பும் எலும்பு இழப்பும் கூடுதலாகக் காணப்பட்டன. வயது, புகைப்பழக்கம் முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும் இத்தொடர்பு நீடித்தது. இதோடு நில்லாமல், கவலையை அவர்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதையும் ஆய்வாளர்கள் கேட்டனர். சிக்கலைப் பிரித்துப் பார்த்து, செய்யக்கூடியதைச் செய்து சமாளித்தவர்களுக்கு, பணக் கவலை இருந்தும், அக்கவலை இல்லாதவர்களைவிட ஈறு நோய் அதிகமாக இல்லை. மனத்துக்குள் வைத்துப் புழுங்கியவர்களிடமே பாதிப்பு மிகுதியாக இருந்தது.

ஒரே காலகட்டத்தில் எடுக்கப்பட்ட இத்தகைய ஆய்வு, எது காரணம் எது விளைவு என்பதை உறுதியாக நிறுவாது. மேலும், கடனில் தவிப்பவரிடம் நன்றாகச் சமாளியுங்கள் என்று அறிவுரை கூறுவது எவருக்கும் எளிது; அந்த அறிவுரையால் கடன் குறையாது. இருப்பினும் நம்பிக்கை தரும் ஒரு செய்தி இதில் உள்ளது. துன்பம் தீரும்வரை ஈறு நலத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. துன்பம் தொடரும்போதே ஈறைக் காத்துக்கொள்ள இயலும்.

நீரிழிவு உள்ளவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். மன அழுத்தம் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். உயர்ந்த சர்க்கரை ஈறு நோயை முற்றச் செய்யும். முற்றிய ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுப்படுத்த விடாது. ஈறு நோய்க்குச் சிகிச்சை அளித்தால் மூன்று நான்கு மாதங்களில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு சுமார் 0.4 சதவீதப் புள்ளி குறைவதாக ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. மாத்திரைகளைத் தவறாமல் உட்கொண்டும் சர்க்கரை குறையவில்லை எனில், வாயைப் பரிசோதித்துக்கொள்வது பயன் தரும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

இரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் துலக்காமல் விடுவதே பலர் செய்யும் தவறு. இரத்தம் வரும் இடத்தில்தான் படலம் உள்ளது. மென்மையான பிரஷை ஈறு விளிம்பை நோக்கிச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல், காலையிலும் இரவிலும் இரண்டிரண்டு நிமிடங்கள் துலக்கவும். ஃபுளோரைடு கலந்த பற்பசை போதுமானது. கரித்தூள், செங்கல் தூள், கல் உப்பு ஆகியவற்றால் தேய்ப்பது பல்லைத் தேய்க்கும், ஈறைக் கிழிக்கும். பற்களுக்கு இடையே பிரஷ் செல்லாது. அங்கே சுத்தம் செய்வதற்கென மருந்துக் கடைகளில் கிடைக்கும் சிறு பல்லிடை பிரஷையோ பல் நூலையோ நாளுக்கு ஒரு முறை பயன்படுத்தவும். வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளிப்பது இதமளிக்கும். அது படலத்தை அகற்றாது. குளோர்ஹெக்சிடின் கலந்த வாய் கொப்பளிப்பு மருந்தை மருத்துவர் கூறிய நாட்களுக்கு மேல் தொடர வேண்டாம். பற்களில் பழுப்புக் கறை படியும், நாவின் சுவையும் மாறும்.

இரண்டு வேளையும் இயலவில்லை என்ற நிலை வரும் நாட்களில் இரவு வேளையை விட்டுவிடாதீர்கள். உறக்கத்தில் எச்சில் சுரப்பது குறைவதால் வாயின் இயற்கைப் பாதுகாப்பும் அப்போது குறைந்திருக்கும். பராமரிப்பாளர்களுக்கு நான் கூறும் ஒரு வழி, நோயாளிக்கு இரவு மாத்திரை கொடுக்கும் நேரத்தோடு இதனை இணைத்துக்கொள்வது. அவருக்கு வாய் சுத்தம் செய்துவிடும்போதே உங்கள் பிரஷையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரவு மாத்திரை தவறாது. ஆகவே இதுவும் தவறாது.

காரை படிந்துவிட்டால் வீட்டு வைத்தியத்தால் பயனில்லை. பல் மருத்துவரிடம் ஸ்கேலிங் செய்துகொள்ள வேண்டும். பை ஆழமாக இருந்தால் வேர்ப்பகுதியையும் சுத்தம் செய்வார்கள். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளிலும் பல வட்ட மருத்துவமனைகளிலும் பல் மருத்துவப் பிரிவு உள்ளது. ஸ்கேலிங் செய்தால் பல் ஆடிவிடும், இடைவெளி விழுந்துவிடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. உண்மை வேறு. எலும்பு முன்னரே குறைந்திருக்கும். அந்த வெற்றிடத்தைக் காரையும் வீங்கிய ஈறும் அடைத்துக்கொண்டிருக்கும். காரை நீங்கி வீக்கம் வடிந்ததும், இருந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. சில நாட்கள் பல் கூசலாம். பின்னர் அது தணியும். மேலே குறிப்பிட்ட பெண்மணியும் இந்த அச்சத்தால்தான் முதலில் தயங்கினார். அவருக்கு ஆடிய பற்களில் ஒன்றை எடுக்க வேண்டியதாயிற்று. மற்றொன்று நிலைத்தது, பிற பற்களிலும் இரத்தக் கசிவு நின்றது. அவரது கணவர் இன்னும் துணையின்றி நடக்கவில்லை.

ஒரு முறை சுத்தம் செய்துகொண்டதோடு சிகிச்சை முடிந்துவிடாது. பற்சூழ் திசு நோய் உள்ளவர்கள் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு முறை மறுபரிசோதனைக்குச் செல்ல வேண்டியிருக்கும். மருத்துவரிடம் உங்கள் வீட்டுச் சூழலையும், உறக்கமின்மையையும், புகையிலைப் பழக்கத்தையும் மறைக்காமல் கூறுங்கள். உட்கொள்ளும் மருந்துகளையும் காட்டுங்கள். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பின் தரப்படும் சைக்ளோஸ்போரின் ஆகியவை சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும். அமிட்ரிப்டிலின் போன்ற மனநல மருந்துகள் வாயை உலரச் செய்யும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உட்கொள்பவர்கள் அதனைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். இவற்றில் எதையும் நீங்களாகவே நிறுத்த வேண்டாம்.

மன அழுத்தத்தைப் பொறுத்தவரை, கவலைப்படாதீர்கள் என்று இங்கே எழுதுவதால் பயன் விளையாது. செய்யக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை உடன்பிறந்தவரிடமோ வளர்ந்த பிள்ளைகளிடமோ ஒப்படைத்து, அந்த நாளில் உங்கள் சிகிச்சைக்குச் செல்லுங்கள். கேட்காமல் எவரும் முன்வருவதில்லை என்பதே நான் கண்டது. கேட்ட பின் மறுத்தவர்கள் குறைவு. இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் நாட்டமின்மை, உறக்கக் கேடு, அழுகை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். புகையிலையை விட விரும்புவோர் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

கடும் மன அழுத்தம், உறக்கமின்மை, ஊட்டக்குறைவு, புகைப்பழக்கம் ஆகியவை ஒன்றுசேரும்போது ஈறின் நுனிகள் திடீரென அழுகிப் புண்ணாகும் ஒரு வகை நோய் உண்டு. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் கிடந்த படைவீரர்களிடம் இது பரவலாகக் காணப்பட்டதால், அகழி வாய் என்ற பெயரே இதற்கு ஏற்பட்டது. கடுமையான வலி, சாம்பல் நிறப் படலம் மூடிய புண், தாங்க இயலாத துர்நாற்றம் ஆகியவை இதன் அறிகுறிகள். ஓரிரு நாட்களுக்குள் பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஈறிலிருந்து சீழ் வடிதல், பல் திடீரென ஆடுதல் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். துலக்காதபோதும் ஈறிலிருந்து தானாக இரத்தம் வழிந்து, உடலில் காரணமின்றிக் கன்றிய திட்டுகளும் தோன்றினால், அது ஈறு நோயாக இல்லாமல் இரத்தத்தில் உள்ள குறைபாடாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளவும். இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத வாய்ப்புண் எதுவாயினும் பரிசோதிக்கப்பட வேண்டும். காய்ச்சலுடன் முகமோ கழுத்தோ வீங்குதல், வாய் திறக்க இயலாமை, விழுங்குவதிலோ மூச்சு விடுவதிலோ சிரமம் ஆகியவை இருந்தால் இரவென்றும் பாராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லவும்; தேவைப்பட்டால் 108 அவசர ஊர்தியை அழைக்கவும்.